கும்பகர்ணன் இன்னும் உன்கிட்ட இருக்கானா?

மச்சான்,

எப்படி இருக்க? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? உன் பொண்ணு கீபோர்டு வாசிக்க ஆரம்பிச்சிருக்குன்னு நம்ம பேஸ் கிட்டார் அண்ணன் சொன்னார், கேட்கவே சந்தோஷமா இருந்துச்சு. எட்டு மாசமா உனக்கு ஒரு மெசேஜ் கூட போடல, தப்புதான். திட்டணும்னா திட்டிக்கோ, ஆனா இதை முழுசா படிச்சுட்டு அப்புறம் திட்டு. பாதியிலயே நீ எழுந்து போய் அலமாரியைத் திறந்து நம்ம பழைய ஹார்ட் டிஸ்க் கும்பகர்ணனை எடுத்து கம்ப்யூட்டர்ல சொருகிட்டேன்னா எல்லாம் முடிஞ்சு போயிடும். அவனைத் தொடாத. முதல்ல படி.

நம்ம பாட்டுக்கு ஐயா பாடின ரெக்கார்டிங் காணோம்டா.

அந்த ஒரே டேக். ஃபேனை நிறுத்திட்டு எல்லாரும் வேர்த்து ஒழுகிட்டு இருந்தோமே, ரெண்டு மைக் வச்சு, ஒண்ணு வாய்க்கு நேரா ஒண்ணு கொஞ்சம் தள்ளி. பாடி முடிச்சுட்டு "இன்னொரு தடவை பாடட்டுமா"ன்னு அவர் கேட்டப்போ ஹெட்போனைக் கழட்டாமலே வேணாம்னு தலையாட்டினியே, அந்த நாலு நிமிஷம். மிக்ஸ் பண்ண எம்பி3 இருக்கு, அது எல்லார் போன்லயும் இருக்கு. அவர் குரல் தனியா இருந்த வேவ் ஃபைல் ரெண்டும் இல்ல.

போன மாசம் அம்மா போன் பண்ணாங்க. "பாட்டு நல்லாதான் இருக்குப்பா, ஆனா அந்த டிரம்ஸ் எல்லாம் இல்லாம அவர் குரலை மட்டும் ஒரு தடவை கேட்கணும் போல இருக்கு, முடியுமா?"ன்னு கேட்டாங்க. அஞ்சு நிமிஷ வேலைம்மா, ராத்திரியே அனுப்பறேன்னு சொல்லிட்டேன். அன்னைக்கு ராத்திரி நம்ம ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ரீப்பர்ல அந்தப் பாட்டோட ப்ராஜெக்ட்டைத் திறந்தா வரிசையா ஃபைல் காணோம், ஃபைல் காணோம்னு கேட்குது. டிராக் எல்லாம் இருக்கு, ஃபேடர் நாம வச்ச இடத்துலயே நிக்குது, ஐயா டிராக்ல நீ போட்ட எதிரொலி எஃபெக்ட், அந்த ரிவெர்ப் கூட அப்படியே இருக்கு. சத்தம் மட்டும் இல்ல.

என்ன ஆச்சுன்னு கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு. என்கிட்ட மூணு கம்ப்யூட்டர் இருக்குல்ல, ரூம்ல இருக்கற பெரிய டெஸ்க்டாப், வெளிய எடுத்துட்டுப் போற லேப்டாப், அப்புறம் நிகழ்ச்சிக்கு மட்டும் எடுக்கற பழைய மேக். எங்க உட்கார்ந்தாலும் அதே ப்ராஜெக்ட் இருக்கணும்னு மூணையும், ஒண்ணுல மாத்தினா எல்லாத்துலயும் மாறற ஒரே சிங்க் ஃபோல்டர்ல கட்டி வச்சிருந்தேன். மூணு இடத்துல இருக்கு, மேல கிளவுட்லயும் இருக்கு, அப்ப நாலு பேக்கப்னு கணக்குப் போட்டுட்டு நிம்மதியா இருந்தேன். அஞ்சு மாசத்துக்கு முன்னாடி லேப்டாப்ல இடம் இல்லைன்னு பழைய ஆடியோ ஃபோல்டர் ஒண்ணைத் தூக்கினேன், 40 ஜிபி. டெஸ்க்டாப்லதான் இருக்கேன்னு நெனச்சு அழிச்சேன். அது அங்க போய் அங்கயும் அழிச்சிருக்கு, கிளவுட்லயும் அழிச்சிருக்கு. அழிச்சதை முப்பது நாள் வச்சிருப்பாங்களாம், அதுவும் எப்பவோ தாண்டிடுச்சு. டெஸ்க்டாப்ல இருந்து தினம் ராத்திரி ஒரு வெளி டிஸ்க்குக்கு தானா காப்பி ஆகற மாதிரி வச்சிருந்தேனே, அது மிரர். இங்க இல்லாததை அங்கயும் வச்சிருக்காது. சொன்ன வேலையை ஒழுங்கா செஞ்சு அதுவும் துடைச்சு வச்சிருக்கு.

இதுக்கு மேலதான்டா மனசு ஆறாத விஷயம். அந்தப் பழைய மேக் ஆறு மாசமா பெட்டிக்குள்ளயே கிடந்துச்சு, ஆன் பண்ணவே இல்ல. அப்படின்னா அதுல ஃபைல் இருந்திருக்கும். ஞாபகம் வந்த உடனே ஓடிப்போய் எடுத்து ஆன் பண்ணேன், ஃபோல்டரைத் திறந்தேன், இருந்துச்சு மச்சான், ரெண்டு ஃபைலும் கண்ணு முன்னாடி இருந்துச்சு. பென்டிரைவைத் தேடி எடுத்துட்டு வந்து சொருகறதுக்குள்ள வைஃபை கனெக்ட் ஆகி, சிங்க் ஓட ஆரம்பிச்சு, ஒவ்வொண்ணா மறையுது. வைஃபையைத்தான் முதல்ல நிறுத்தியிருக்கணும். அந்த ஒரு நிமிஷத்தை நெனச்சா இப்பவும் தூக்கம் வர மாட்டேங்குது.

டேட்டா ரெக்கவரி பண்ற ஒருத்தர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். பழைய சுத்தற ஹார்ட் டிஸ்க்கா இருந்தா அழிச்ச ஃபைல் மேல வேற எதுவும் எழுதற வரைக்கும் உள்ள கிடக்கும், தோண்டி எடுக்கலாம், இது எஸ்எஸ்டி, இதுல டிரிம்னு ஒண்ணு இருக்கு, அழிச்ச இடத்தை அதுவே காலி பண்ணி வச்சிடும்னார். தேடிப் பார்த்தார், அந்த இடத்துல வெறும் பூஜ்ஜியம். ஏஐ வச்சு மிக்ஸ்ல இருந்து குரலைப் பிரிக்கற டூலும் போட்டுப் பார்த்தேன். ஓரளவு வருது, ஆனா சிம்பல் அடிக்கற இடத்துல எல்லாம் அவர் குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு, கடைசி வரியில அவர் மூச்சு எடுக்கற சத்தம் சுத்தமா காணோம். அம்மா கேட்டது அதைத்தானே. அதை அனுப்ப எனக்கு மனசு வரல.

அது எவ்வளவு பெரிய ஃபைல்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாம ரெக்கார்ட் பண்ண தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஒரு மைக்குக்கு செகண்டுக்கு 1,44,000 பைட், நாலு நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 35 எம்பி, ரெண்டு மைக்குக்கும் சேர்த்து 70 எம்பி. மெயில்ல நாலஞ்சு தவணையா அனுப்பியிருந்தா கூட இன்னைக்கு இருந்திருக்கும்.

பேஸ் அண்ணன்கிட்ட சொன்னா, "கிளவுட்ல போட்டா போதும்னுதானே எல்லாரும் சொல்றாங்க"ன்னார். அவர்கிட்ட மைஸ்பேஸ்ங்கற வெப்சைட்டோட கதையைச் சொன்னேன், ஒரு காலத்துல பேண்டு வச்சிருந்தவன் எல்லாம் அங்கதானே பாட்டைப் போட்டான், 2019ல என்னன்னா, சர்வர் மாத்தும்போது 2015 வரைக்கும் ஏத்தினது எல்லாம் போயிடுச்சு, திரும்ப வராதுன்னு சொல்லிட்டாங்க. 5 கோடி பாட்டுக்கு மேலன்னு செய்தி வந்துச்சு. அதுல எத்தனை பேருக்கு வேற காப்பி இருந்திருக்கும்னு தெரியல. அண்ணன் கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல.

சரி, இப்ப உன்கிட்ட ஏன் எழுதறேன்னு சொல்றேன். எல்லாத்தையும் கிளறினதுல ஒரு பழைய பென்டிரைவ் சிக்குச்சு. அதுல ஆடியோ எதுவும் இல்ல, ரீப்பர் ப்ராஜெக்ட் ஃபைலும் அதோட பேக்கப் ஃபைலும்தான் இருக்கு. உன் ஸ்டைல்ல பேர் வச்சிருக்க, 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதான் ஃபைனல்', 'சத்தியமா ஃபைனல்'. உனக்கே தெரியும், ரீப்பர் ப்ராஜெக்ட் வெறும் டெக்ஸ்ட்தான், நோட்பேட்ல திறந்தா படிக்கலாம். ஒவ்வொண்ணா திறந்து வரி வரியா பார்த்தேன். ஆடியோ ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளயே இருந்தா ஃபைல் பேர் மட்டும்தான் இருக்கும், வெளிய இருந்தா முழு அட்ரஸும் எழுதி வச்சிருக்கும். 'இதான் ஃபைனல்'ல ஐயா டிராக்குக்கு நேரா வால்யூம்ஸ் (மேக்ல டிஸ்க் எல்லாம் வந்து நிக்கற இடம்), அப்புறம் கும்பகர்ணன், அப்புறம் ரெக்கார்டிங், அப்புறம் ஐயா 01னு இருக்கு. கும்பகர்ணன்டா! எழுப்பினா அரை நிமிஷம் கழிச்சு உறுமிட்டு எழுந்திரிப்பானே, அவனே. அன்னைக்கு மேக்ல இடம் இல்லாததால நேரா அவன் மேலயே ரெக்கார்ட் பண்ணியிருக்கோம். நீ ஊர் மாறும்போது அவனை உன் பெட்டியிலதான் போட்ட, நான் பார்த்தேன்.

இனிமே நான் சொல்றதை நிதானமா கேளு. டிஸ்க் இருந்தா எடுத்து மேஜை மேல வை, அவ்வளவுதான். சொருகாத. அது மேக்ல ஃபார்மேட் பண்ண டிஸ்க், உன்கிட்ட இப்ப இருக்கறது விண்டோஸ். விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது, ஃபார்மேட் பண்ணினாதான் யூஸ் பண்ண முடியும்னு ஒரு பாக்ஸ் வந்தாலும் வரும். நீ இல்லாத நேரம் வீட்ல யாராவது சரின்னு அழுத்திட்டா? அதான் பயம். அதோட இத்தனை வருஷம் சுத்தாம கிடந்த டிஸ்க், ஒரு தடவைதான் ஒழுங்கா எழுந்திரிப்பான்னு வச்சுக்கணும். அந்த ஒரு தடவைல முதல் வேலையா முழுசா காப்பி எடுக்கணும், ப்ராஜெக்ட்டைத் திறந்து பார்க்கறது எல்லாம் அந்தக் காப்பியில. டக் டக்னு சத்தம் வந்தா அந்த செகண்டே பிடுங்கிடணும், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கக் கூடாது, ரிப்பேர் சாஃப்ட்வேர் எதுவும் ஓட்டக் கூடாது. அந்த ரெக்கவரி ஆளும் இதையேதான் சொன்னார், டிஸ்க்கைக் கொன்னதுல பாதி பேர் ஆசையா இன்னொரு தடவை ஆன் பண்ணவங்கதானாம். நான் மேக்கை எடுத்துட்டு உன் வீட்டுக்கே வரேன். கொரியர் வேணாம், அதுக்கு எனக்கு தைரியம் இல்ல.

உன் ஃபைல்களும் என்ன நிலைமையில இருக்குன்னு யோசி மச்சான். நான் இப்ப எல்லாத்தையும் மாத்திட்டேன். பீட்டர் க்ரோன்னு ஒரு போட்டோகிராஃபர் பிரபலப்படுத்தின 3-2-1 கணக்கு, மூணு காப்பி, ரெண்டு வேற வேற மீடியா, ஒண்ணு வீட்டுக்கு வெளிய. கேட்க சின்ன விஷயம், ஆனா என்கிட்ட இருந்த நாலும் ஒரே கயித்துல கட்டின நாலு, ஒண்ணு விழுந்தா எல்லாம் விழும், அது தனித்தனி காப்பியே இல்லைன்னு இப்பதான் உறைக்குது. இப்ப டெஸ்க்டாப்தான் தாய் மெஷின், மத்த ரெண்டுலயும் அதுல இருந்து எடுத்து வேலை செஞ்சு திரும்ப அதுல கொண்டு வந்து வைக்கறேன். பேக்கப் டிஸ்க் அழிக்காது, பழைய வெர்ஷனையும் வச்சிருக்கும், வேலை முடிஞ்சா பிடுங்கி வச்சிடறேன். ஒவ்வொரு பாட்டையும் மூடும்போது வேற ஃபோல்டர்ல இருக்கற சாம்பிள் எல்லாத்தையும் ப்ராஜெக்ட்டுக்குள்ள காப்பி பண்ணிட்டு, ஒவ்வொரு டிராக்கையும் பூஜ்ஜியத்துல இருந்து கடைசி வரைக்கும் தனி வேவ் ஃபைலா பவுன்ஸ் பண்ணி வைக்கறேன், ஏன்னா பத்து வருஷம் கழிச்சு அந்த எஃபெக்ட் பிளகின் இருக்குமோ இருக்காதோ, வேவ் எதுலயும் திறக்கும். மாசம் ஒரு தடவை பேக்கப்ல இருந்து ஒரு பாட்டை எடுத்து வேற மெஷின்ல திறந்து ஓட்டிப் பார்க்கறேன். ஓட்டிப் பார்க்காத பேக்கப்பை நான் இப்ப நம்பறதே இல்ல. உனக்கும் சேர்த்து ஒரு டிஸ்க் வாங்கிட்டேன், வரும்போது கொண்டு வரேன், என் மூணாவது காப்பி உன் வீட்ல இருக்கட்டும், உன்னோடது என் வீட்ல.

அம்மாகிட்ட இன்னும் உண்மையைச் சொல்லல. ரெண்டு தடவை போன் வந்துச்சு, கம்ப்யூட்டர் ரிப்பேர்ல இருக்கும்மான்னு சொல்லிட்டேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்ல, குரல்லயே தெரிஞ்சிருக்கும். மூணாவது தடவை கேட்டா சொல்லிடுவேன். அதுக்கு முன்னாடி உன் பதில் வந்தா நல்லா இருக்கும்.

டிஸ்க் இருக்கா இல்லையான்னு மட்டும் இன்னைக்கே ஒரு வரி எழுது. இல்லைன்னாலும் எழுது. இருந்தா, அதுல நீ ஒட்டின அந்த மஞ்சள் டேப் இன்னும் இருக்கான்னும் பார்த்துச் சொல்லு, ஏன்னா நம்மகிட்ட அதே மாதிரி ரெண்டு டிஸ்க் இருந்துச்சு.

உன்
டிரம்மர்