வெயில் ஏறுகிறது, மருந்துக்கு முன் வேரைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் அஸ்தம்பட்டி கடையில் தினமும் கேட்கும் பேச்சு இது: "செடி மதியம் தொங்கிப் போகுது, தண்ணி ஊத்தியும் நிமிரல, ஏதாச்சும் மருந்து குடுங்க." மருந்து அலமாரியில் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் "வேரைப் பார்த்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். ஏன் அப்படிக் கேட்கிறோம் என்பதைக் கூட்டத்துக்கு நடுவில் விளக்க முடிவதில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

வேரும் மூச்சு விடுகிறது. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் வேலைக்கு அதற்கு ஆக்சிஜன் தேவை. அது கிடைக்காவிட்டால், தண்ணீருக்குள்ளேயே நின்றாலும் வேரால் குடிக்க முடியாது. தொட்டி மண் சொதசொதவென்று இருக்கும்போதே செடி வாடுவது இதனால்தான். வாட்டத்தைப் பார்த்துப் பதறி இன்னொரு குடம் ஊற்றினால், மண்ணில் மிச்சமிருக்கும் காற்றும் வெளியேறிவிடும். ஆகவே விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஹைட்ரோபோனிக்ஸ், அதாவது மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் செடி வளர்க்கும் அமைப்பு வைத்திருப்பவர்களுக்குச் சேலத்து வெயில் இன்னும் பெரிய சோதனை. 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது ஏறக்குறைய ஏழரைதான். அதே 10 டிகிரி ஏற்றத்தில் வேரின் மூச்சுத் தேவை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பம் போலத்தான் வேரின் நிலை. அந்த நேரம் பார்த்து பித்தியம் என்ற வேரழுகல் கிருமி உள்ளே வருகிறது. மிளகாய், தக்காளி நாற்றங்காலில் நாற்றழுகலை உண்டாக்கும் அதே பித்தியம்தான். அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தக்கூடியவை. ஒரு செடியில் தொற்றினால் ஒரே டேங்க் தண்ணீர் சுற்றும் எல்லாச் செடிகளுக்கும் அது போய்ச் சேரும்.

அதனால் முதலில் வாங்க வேண்டியது ஒரு சாதாரண தெர்மாமீட்டர். பிற்பகல் மூன்று மணிக்கு டேங்க் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். 18 முதல் 22 வரை இருந்தால் அருமை. 25 வரை சமாளிக்கலாம். அதைத் தாண்டினால் டேங்கை நிழலுக்கு நகர்த்துங்கள், சுற்றிலும் தெர்மாகோல் கட்டுங்கள், வெளிப்பக்கம் வெள்ளை அடியுங்கள். சிறிய டேங்க் சீக்கிரம் சூடேறும், பெரியது தாங்கும். மீன் தொட்டிக்குப் போடும் ஏர் பம்ப் ஒன்று இரவு பகலாக ஓடட்டும். குழாயில் தண்ணீர் ஓடும் அமைப்பு என்றால் மின்வெட்டுக்கு ஏற்பாடு இல்லாமல் வெயில் காலத்தில் இறங்க வேண்டாம். மதிய வெயிலில் மோட்டார் நின்றால் வேர் சீக்கிரம் காய்ந்துவிடும்.

சேலம் மொட்டை மாடியில் ஏப்ரல், மே மாதங்களில் லெட்டூஸ் (சாலட் கீரை) போடாதீர்கள் என்பது எங்கள் திடமான கருத்து. விதை கேட்டு வந்தாலும் இதைச் சொல்லித்தான் தருவோம். தண்டுக்கீரை, பசலை போடுங்கள், வெயிலைத் தாங்கும்.

வேரைப் பார்ப்பது எப்படி? செடி நிற்கும் நெட் பாட்டை (ஓட்டைகள் உள்ள சிறு தொட்டி) மெல்லத் தூக்குங்கள். வெள்ளையாக, பச்சைத் தண்ணீர் வாசனையோடு இருந்தால் கவலையில்லை. லேசான பழுப்பு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், உரத்தில் இருக்கும் இரும்புச் சத்தின் கறையாகவும் இருக்கலாம். ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து உருவிப் பாருங்கள். மேல்தோல் வழவழவென்று கழன்று, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் நின்றால் அது அழுகல். சாக்கடை நாற்றமும் சேர்ந்திருக்கும். அந்தச் செடியை எடுத்துவிட்டு, டேங்கைக் கழுவிக் காயவைத்து, புதுக் கரைசல் ஊற்றுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். பஞ்சகவ்யா, மீன் அமிலம், வெல்லக் கரைசல் இவற்றை ஹைட்ரோ டேங்கில் ஊற்றாதீர்கள். மண்ணில் அவை அருமையான பொருள்கள், நாங்களே விற்கிறோம். டேங்கில் ஊற்றினால் பாக்டீரியா பெருகி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

பம்ப் இல்லாமல் டப்பாவில் வளர்ப்பவர்கள், தண்ணீர் குறைகிறதே என்று மறுபடி விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். குறைந்த இடத்தில் வெளியே தெரியும் வேர்கள்தான் காற்றை வாங்குகின்றன. அவற்றை மூழ்கடித்தால் செடி இரண்டொரு நாளில் சோர்ந்துவிடும்.

போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் கரைசலின் பிஎச்-ஐ (அமில-காரத் தன்மையின் அளவு) அடிக்கடி பாருங்கள், 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். பைகார்பனேட் உப்பு மிகுந்த தண்ணீரில் அது தானாக மேலே ஏறும். ஏறினால் இரும்புச் சத்து கிடைக்காமல், நரம்பு பச்சையாக இருக்கக் குருத்து மட்டும் மஞ்சளாகும்.

அடுத்து மண் தொட்டி. வெறும் செம்மண் வேண்டாம், இறுகிக் கல்லாகிவிடும். செம்மண், கோகோ பீட் (தேங்காய் நார்த்தூள்), மட்கிய எரு மூன்றையும் சரிபங்கு கலந்தால் போதும். கழுவாத கோகோ பீட்டில் உப்பு அதிகம். இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகு கலக்குங்கள். கறுப்பு க்ரோ பேக்கை மேற்கு வெயிலில் தனியாக நிறுத்தினால் அந்தப் பக்கத்து வேர் வெந்துபோகும். பைகளை நெருக்கி வையுங்கள், அல்லது வெள்ளைப் பை வாங்குங்கள். அடியில் செங்கல் வைத்துத் தூக்கி, வடிகால் ஓட்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டு வாடிக்கையாளர்களுக்குச் சூடு பெரிய பிரச்சினை இல்லை, லெட்டூஸ் தாராளமாகப் போடலாம். உங்களுக்கு மழைதான் கவலை. சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடியின் காலடியில் தண்ணீர் தேங்கினால் வாடல் நோய் வரும். மழைக்கு முன்பே வடிகால் எடுங்கள், மழை நாளில் வேரைக் கொத்த வேண்டாம். வேர் நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான ட்ரைகோடெர்மா ஒரு கிலோவை 100 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் 15 நாள் மூடி வைத்துப் போடுங்கள். போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த மருந்து) ஊற்றுகிற நாளில் இதைப் போடாதீர்கள், அதிலுள்ள தாமிரம் இந்தப் பூஞ்சையையும் பாதிக்கும்.

சந்தேகம் இருந்தால் செடியை வேரோடு, ஈரத் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். இலையின் போட்டோவை மட்டும் காட்டினால் எங்களால் சரியாகச் சொல்ல முடியாது. கூடவே ஒரு பாட்டிலில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் கொண்டு வந்தால் பிஎச்-உம் டிடிஎஸ்-உம் (கரைந்துள்ள உப்பின் அளவு) பார்த்துச் சொல்கிறோம், அதற்குக் காசு கிடையாது.

அன்புடன்,
கடையிலிருந்து
அஸ்தம்பட்டி, சேலம்