மாமரத்துப் புழுவுக்கு எதிராக நம் தெருக்கள்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

டர்பன் சாட்ஸ்வொர்த் அண்ணன்மார், அக்காமார், ஆயா தாத்தாமார் அனைவருக்கும் கோயில் தோட்டக் குழுவின் வணக்கம்.

போன தை மாதம் அம்மனுக்குப் படைக்க நம் கோயில் மரத்தில் பறித்த மாம்பழங்களை அறுத்தால், பாதிக்கு மேல் புழு. அவசரமாகக் கடைக்கு ஓடினோம். காய்த்துக் குலுங்கும் மரத்தை வைத்துக்கொண்டு பழத்தை விலைக்கு வாங்கிய கூச்சம் இன்னும் போகவில்லை.

பழ ஈ நமக்குப் புதிதல்ல. நேட்டால் பழ ஈ என்று நம் மண்ணின் பெயரிலேயே ஒன்று உண்டு. ஆனால் ஆசியாவிலிருந்து வந்த கீழைப் பழ ஈ அதைவிடப் பொல்லாதது. 2003இல் கென்யாவில் தென்பட்டது, 2010இல் நம் நாட்டின் வடக்கு எல்லையான லிம்போபோ மாகாணம் வரை வந்தது, இன்று குவாசூலு-நேட்டாலிலும் இருக்கிறது. நம்மைப் போல அதுவும் கடல் தாண்டி வந்ததுதான். என்ன, கரும்பு வெட்ட வரவில்லை!

பெண் ஈ தோலைக் குத்திப் பழத்துக்குள் முட்டையிடும். புழு சதையைத் தின்னும், பழம் உதிரும், புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். வெயில் காலத்தில் ஒரு மாதம் போதும், அடுத்த தலைமுறை பறக்கத் தொடங்கிவிடும். அச்சார் ஊறுகாய்க்குக் காயாகவே பறித்தால் ஓரளவு தப்பிக்கலாம். பழுக்க விட்டால் தொலைந்தது. மா முடிந்தால் கொய்யாவுக்குப் போகும்.

சென்ற ஆண்டு கோயில் வளாகத்தில் மட்டும் பொறி கட்டிப் பார்த்தோம். பொறி நிறைய ஈ விழுந்தது, பழத்தில் புழு குறையவில்லை. பிறகுதான் புரிந்தது. பொறியில் வைக்கும் மெத்தில் யூஜினால் (நம் துளசியிலும் இருக்கும் வாசனைப் பொருள்தான்) ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும். பக்கத்துக் கொல்லையில் இணைசேர்ந்த பெண் ஈ வேலி தாண்டி வந்து முட்டையிட்டுவிடும். நேட்டால் ஈயோ அந்த வாசனையைச் சட்டையே செய்யாது. ஆகவே பெண் ஈக்களுக்கான, மருந்து கலந்த புரத இரையையும் இலைகளில் திட்டுத் திட்டாகத் தெளிக்க வேண்டும். இரண்டையும் தெரு முழுக்கச் செய்தால்தான் பலன்.

எட்டுத் தெருக்களில் 120 வீடுகள் பெயர் கொடுத்திருக்கின்றன. கோயிலுக்கு வராத வீடுகளும் இதில் உண்டு. அவர்கள் கொல்லையிலும் மாமரம் நிற்கிறதே. பொறி, வாசனை மருந்து, புரத இரை எல்லாம் சேர்த்துப் பருவத்துக்கு வீட்டுக்கு 150 ராண்ட், மொத்தம் 18,000 ராண்ட். சித்திரைப் புத்தாண்டில் அச்சார் விற்றதில் 4,200 கையில் இருக்கிறது. இன்னும் 13,800 வேண்டும். முடிந்தவர்கள் இரண்டு வீட்டுப் பங்கைக் கொடுங்கள். ஓய்வூதியத்தில் வாழும் ஆயாமார் பத்து ராண்ட் தந்தாலும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் கோயில் பலகையில் ஒட்டப்படும்.

பணம் தர முடியாதவர்களிடம் கேட்பது வேறு. 1960களில் நிறவெறி ஆட்சியில் டர்பனின் கேட்டோ மேனரிலும் மேகசின் பேரக்ஸிலும் வீட்டைப் பறிகொடுத்து இங்கே வந்த பெரியவர்கள் நட்டு வளர்த்த மரங்கள் பல இன்று கவனிப்பாரற்று நிற்கின்றன. அவற்றின் அடியில் அழுகிக் கிடக்கும் பழங்கள்தான் ஈயின் நாற்றங்கால். உதிர்ந்ததைத் தினமும் பொறுக்கிக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டால் உள்ளேயே புழு செத்துவிடும். நம் இளைஞர்கள் வாரம் இருமுறை வருவார்கள். கேட்டைத் திறந்துவிடுங்கள், நாயைக் கட்டிவையுங்கள்.

காய் முற்றும் முன், அக்டோபர் முதல் வாரத்திலேயே பொறி கட்ட வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் பொருளாளர் மடப்பள்ளி வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். வீட்டில் நீளமான ஏணி இருந்தால் அதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்; எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதிலும் ஒரு படி இல்லை.