அந்த ஒன்பது வருடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் "இனிமேல் படம் எடுப்பேனான்னு தெரியலப்பா" என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அந்த நேரத்தில் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு வந்தபோது 'டூன்' படத்தைப் போட்டுக் காட்டினாயே, அதன் இயக்குநர் டெனி வில்நெவ் பற்றித்தான் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கனடாவில் கியூபெக் பக்கம் ஒரு சின்ன ஊரில் 1967-ல் பிறந்தவர், தாய்மொழி பிரெஞ்சு. பள்ளிக்கூடத்துப் பையனாக இருக்கும்போதே டூன் நாவலைப் படித்துவிட்டு, நண்பனோடு சேர்ந்து அதைக் காட்சி காட்சியாக வரைந்து பார்த்திருக்கிறார். அவர் எடுத்த டூன் திரைக்கு வந்தது 2021-ல்!

ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது அது இல்லை. அவருடைய முதல் படம் 1998-ல், பிரான்சின் கான் திரைப்பட விழா வரைக்கும் போனது. 2000-ல் இரண்டாவது படம், 'மெய்ல்ஸ்ட்ரோம்', வெட்டுக்கட்டையில் கிடக்கிற ஒரு மீன் கதை சொல்கிற படம், கனடாவின் ஜீனி விருதுகளை அள்ளிக்கொண்டு வந்தது. அப்புறம் ஒன்பது வருடம் முழுநீளப் படமே இல்லை. ஊரே பாராட்டிய படங்கள் அவருக்குத் திருப்தியாக இல்லை பாப்பா, அதனால் தானாகவே நிறுத்திவிட்டு வீட்டில் பிள்ளைகளோடு இருந்திருக்கிறார். இதைப் படித்தபோது உன் முகம்தான் ஞாபகம் வந்தது.

திரும்பி வந்தது 2009-ல். 1989 டிசம்பரில் மான்ட்ரியல் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஒருவன் பதினான்கு பெண்களைக் கொன்றானே, அதைப் படமாக எடுத்தார், முழுக்கக் கறுப்பு வெள்ளையில், ரத்தத்தின் சிவப்பு கண்ணில் படாமல். அடுத்த வருடமே 'இன்சென்டீஸ்', ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போன படம். ஹாலிவுட், 'அரைவல்', டூன் எல்லாம் அதற்குப் பிறகுதான், அவை உனக்கே தெரியும்.

உன் குறும்படத்தை விழாக்காரர்கள் திருப்பி அனுப்பியது எனக்கும் வலிக்கிறது. அதைவிட, உனக்கே அதில் ஏதோ குறை தெரிகிறது என்று சொன்னாயே, அதைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நிறுத்தணும் என்றால் நிறுத்து, எத்தனை மாதமானாலும் சரி, வருடமானாலும் சரி. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு வரும்போது அந்த ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்து வா. நீ வெட்டி எறிந்த ஆற்றங்கரைக் காட்சியை நான் இன்னொரு முறை பார்க்கணும்.

அன்புடன்,
அப்பா