எலும்பில் எழுதிய வரலாறு

ஆசிரியருக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த சீனத் தொல்நாகரிகக் கட்டுரையில் ஷியா, ஷாங், சோவ் மூன்று வம்சங்களையும் ஒரே தட்டில் வைத்திருந்தார்கள். அது சரியல்ல என்று வருத்தத்தோடு எழுதுகிறேன். ஷியாவுக்கு அக்காலத்து எழுத்துச் சான்று ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. எர்லிதோ என்னும் சீனத் தொல்லியல் தளத்தில் கிடைத்த அரண்மனை அடித்தளங்களை ஷியாவோடு சேர்ப்பது பலரின் கருத்துதான், முடிந்த முடிவல்ல.

ஷாங் அப்படியா? 1899இல், மருந்துக்கடைகளில் 'டிராகன் எலும்பு' என்று விற்ற துண்டுகளில் பழைய எழுத்து இருப்பதைச் சீன அறிஞர் வாங் யிரோங் கண்டுகொண்டார். அந்த எலும்புகள் வந்த இடமான, ஷாங்கின் கடைசித் தலைநகர் இருந்த ஆன்யாங்கில் 1928இல் அகழாய்வு தொடங்கியது. மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் ஆமையின் அடியோட்டிலும் குழி தோண்டி, சூடு வைத்து, விழும் விரிசலைப் பார்த்துக் குறி சொல்லியிருக்கிறார்கள். கேட்ட கேள்வியையும் பக்கத்திலேயே செதுக்கினார்கள். மழை வருமா, போருக்குப் போகலாமா, பல்வலி எந்த முன்னோரின் கோபம் என எல்லாம் அதில் இருக்கிறது.

ஷாங் அரசர் வூ திங்கின் மனைவி ஃபூ ஹாவ் படை நடத்தியவர். 1976இல் கண்டெடுத்த அவரது கல்லறையில் போர்க்கோடரிகளும் இருந்தன. அவரது பிரசவம் நல்லபடி நடக்குமா என்று கேட்ட ஓர் ஆமையோட்டில், 31 நாள் கழித்து விடையும் பதிந்திருக்கிறது: 'நல்லதாக அமையவில்லை, பெண் குழந்தை.' மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த வரியைப் படித்ததும் மனம் கனத்துப்போனது. அடுத்த இதழிலாவது இந்த எலும்புகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

— வரலாற்று ஆசிரியை, திருச்சி