ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டுவிட்டேன், அம்மா

இங்கிலாந்து, ஜூலை 2020

அம்மாவுக்கு,

நேற்று போனில் நீ அழுததும் எனக்குப் பேச்சே வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். "யாரோ பெற்றவர்களுக்காக நீ ஏன் சாகணும்" என்று கேட்டாய். கொரோனாவில் நம் ஆட்கள்தான் இங்கே அதிகம் சாகிறார்கள் என்று டிவியில் பார்த்தாயே, அது பொய்யில்லை. இந்திய வம்சாவளிக்காரர்களுக்கு வெள்ளைக்காரர்களைவிட ஆபத்து கூடுதல் என்று ஜூனில் வந்த அரசாங்க அறிக்கையிலேயே இருக்கிறது. எனக்கும் பயம்தான். ஆனால் அதே அறிக்கையில், நோய் உறுதியானவர்களில் 80 வயதைத் தாண்டியவர்கள் இறக்கும் வாய்ப்பு 40 வயதுக்குக் குறைந்தவர்களைப்போல் 70 மடங்கு என்றும் போட்டிருக்கிறது. எனக்கு 31. எங்கள் முதியோர் இல்லத்தில் 80க்குக் கீழே நான்கு பேர்தான்.

அவர்கள் மார்ச்சிலிருந்து வாசலைத் தாண்டவில்லை, அம்மா. சொந்தக்காரர்களுக்கும் அனுமதியில்லை. அப்படியிருந்தும் நோய் உள்ளே வந்தால் யார் வழியாக வரும்? காய்ச்சல் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே ஒட்டிக்கொள்ளும், சிலருக்குக் கடைசிவரை ஒன்றுமே தெரியாது, நான் தெம்பாக நடந்து போய் ஒருவரைத் தூக்கி உட்காரவைத்து முகம் துடைத்துவிட்டால் போதும். எனக்கு வருவதைவிட என்னால் போவதை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை.

அதனால் உன்னிடம் சொல்லாமல் ஒன்று செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு இல்லத்தில் ஷிஃப்ட் பார்த்தேன் அல்லவா, அதை ஏப்ரலிலேயே விட்டுவிட்டேன். ஊழியர்கள் ஒரே இடத்தில் மட்டும் வேலை செய்யட்டும் என்று அரசாங்கம் மே மாதம்தான் சொன்னது, ஆனால் அங்கே ஒருவர் இறந்த மறுநாள் இங்கே வந்து மாத்திரை கொடுக்க எனக்குக் கை வரவில்லை. இதுவரை சேமிப்பிலிருந்து எடுத்து அனுப்பினேன், அது தீர்ந்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து பணம் குறையும், அம்மா. கோபப்படாதே.

இதிலும் மனசு ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு பாட்டிக்குக் காது கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். நாங்கள் மாஸ்க் போட்டதிலிருந்து அவருக்கு எல்லாரும் ஊமை. கணவர் வாரம் ஒருமுறை வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று உதட்டை அசைக்கிறார், அந்த அரை மணி நேரம்தான் அவருக்கு உலகம். காப்பாற்றுகிறோம் என்று சொல்லி இவர்களை இப்படி அடைத்துவைப்பது எத்தனை மாதம் சரி? எனக்குத் தெரியவில்லை. நானும் ஷிஃப்ட் முடிந்து வெளியே போனதும் அதே ஜன்னலில் நின்று மாஸ்க்கை இறக்கி, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவர இந்திய அரசாங்கம் விடும் வந்தே பாரத் விமானத்தில் சீட்டுக்குப் பதிந்துவிடு என்று தம்பி சொல்கிறான். இப்போது வேண்டாம். விமானத்தில் ஏறி வந்து ஆச்சி பக்கத்தில் உட்கார எனக்கு மனசு துணியாது, அவளுக்கும் 84 ஆகிறது. வீட்டுக்கு வந்து போகிறவர்களைக் கொஞ்சம் குறைத்துக்கொள், யாராவது முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அப்புறம், அடுத்த தடவை வீடியோ கால் போடும்போது ஆச்சியை ஜன்னலைப் பார்த்து உட்காரவை. போன தடவை முகமே இருட்டாக இருந்தது.