பழைய டயர்களைத் திரும்பப் பெற ஒரு வழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாகக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் பஞ்சர் கடைகளுக்கும் பழைய டயர் வாங்கி விற்பவர்களிடமும் வந்து, தண்ணீர் தேங்கும் டயர்களை உடனே அப்புறப்படுத்துமாறும் தவறினால் அபராதம் விதிக்கப்படும் என்றும் எச்சரித்துச் செல்கிறார்கள். அந்த எச்சரிக்கை நியாயமானது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு டயரின் உட்புறச் சுவரில் ஒட்டிவைக்கும் முட்டைகள் தண்ணீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் பொரித்து, ஒரு வாரம் பத்து நாட்களில் கொசுவாகப் பறந்துவிடும். டயரை எப்படிக் கவிழ்த்தாலும் உள்ளே சிறிது தண்ணீர் தங்கியே தீரும். ஆனால், அப்புறப்படுத்தும் டயரை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்விக்கு அந்தப் பணியாளர்களிடம் பதில் இல்லை, அவர்களை அனுப்பும் உள்ளாட்சி அமைப்பிடமும் இல்லை. நாமக்கல்லில் டயர் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதைத் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

லாரி டயரைப் பொறுத்தவரை எங்கள் பகுதியில் பெரிய சிக்கல் இல்லை. பட்டன், அதாவது சாலையில் படும் மேல் ரப்பர், தேய்ந்த டயரின் உடல் நன்றாக இருந்தால், புதிய டயர் விலையில் பாதிக்கும் குறைவான செலவில் ரீபட்டன் செய்து, அதாவது அந்த மேல் ரப்பரைப் புதிதாக ஒட்டி, மீண்டும் ஓட்டுகிறார்கள். அதற்கும் உதவாத நிலை வரும்போது, 50 கிலோவுக்கு மேல் எடை நிற்கும் அந்த டயரை எடைக்கு வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். தேங்கிக் கிடப்பவை இருசக்கர வாகன டயர்களும் சைக்கிள் டயர்களும்தான். மூன்று நான்கு கிலோவுக்கு மேல் தேறாத இவற்றை அடுக்கினால் பாதி இடம் வெறும் காற்றாகவே போகிறது. குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டி நிறைய ஏற்றி அனுப்பினாலும், அந்த எடைக்குக் கிடைக்கும் பணம் வண்டி வாடகைக்குக் காணாது. ஆகவே அவை கடையின் பின்புறத்திலும், ஓடைக் கரையிலும், ஏரிப் புறம்போக்கிலும் சேர்ந்துகொண்டே போகின்றன. அங்கிருந்து சில, உள்ளிருக்கும் கம்பிக்காகவோ அடுப்பெரிக்கவோ கொளுத்தப்படுகின்றன.

மறுசுழற்சி செய்வோர் பக்கமும் செலவு குறைவில்லை. கந்தகத்தோடு சேர்த்து வேகவைத்த ரப்பரை, பிளாஸ்டிக்கைப் போல மீண்டும் உருக்கி வார்க்க முடியாது. விளிம்புக் கம்பியை இயந்திரத்தால் இழுத்து எடுத்து, டயரைத் துண்டுகளாக வெட்டி, எஃகு இழையையும் நைலான் நூலையும் பிரித்து, பிறகே ரப்பரைத் தூளாக அரைக்க வேண்டும். வெட்டும் கத்திகள் விரைவில் மழுங்கிவிடும். தூள் நைசாக நைசாக மின் கட்டணமும் ஏறும். இவ்வளவுக்கும் பிறகு, அந்தத் தூளைத் தொடர்ந்து வாங்குவோர் இருந்தால்தான் ஆலை தாக்குப்பிடிக்கும்.

இந்தச் சுமையை நேர்மையாகச் சுமக்கும் ஆலைகளுக்குப் போட்டியாக, டயரைக் காற்றுப்படாமல் சூடாக்கி எண்ணெய் வடிக்கும் பைரோலிசிஸ் கூடங்கள் இருக்கின்றன. முறையாக நடத்தினால் இத்தொழிலைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால், புகையையும் கரித்தூளையும் கட்டுப்படுத்தும் கருவிகளுக்குச் செலவே செய்யாத ஒரு கூடம், அந்த மிச்சத்தைக் கொண்டு பழைய டயருக்குக் கூடுதல் விலை கொடுத்துவிட முடிகிறது. இதனால் விதிப்படி நடப்பவருக்குச் சரக்குக் கிடைப்பதில்லை. சுற்றியுள்ள கிராமத்தாருக்கோ மூச்சுத் திணறலும் வெடிவிபத்து அச்சமும்தான் மிஞ்சுகின்றன.

சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2022 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அபாயகரக் கழிவு விதிகளைத் திருத்தி, பழைய டயர்களுக்கான பொறுப்பை உற்பத்தியாளர்கள் மீதும் இறக்குமதியாளர்கள் மீதும் வைத்தது. 2020-21இல் உருவாக்கிய அல்லது இறக்குமதி செய்த புதிய டயர் அளவில் 35 விழுக்காட்டுக்கு 2022-23இல் அவர்கள் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு 70 விழுக்காடு, 2024-25 முதல் முழு அளவு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகளிடம், இவ்வளவு பழைய டயர் மறுசுழற்சி செய்யப்பட்டது என்பதற்கான சான்றிதழ் வாங்கி அவர்கள் இதை நிறைவேற்றுகிறார்கள். எண்ணெய்க்காகவும் கரிக்காகவும் பழைய டயரை இறக்குமதி செய்யவும் தடை வந்தது. இவை நல்ல முடிவுகளே.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சான்றிதழ், ஆலையில் உருவாகும் பொருளின் எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. எனவே ஆலை நாடுவது, எளிதில் மொத்தமாகக் கிடைக்கும் கனமான டயரைத்தான். ராசிபுரத்துப் பஞ்சர் கடையின் பின்னால் கிடக்கும் ஸ்கூட்டர் டயரை ஆலை வாசல் வரை கொண்டுவரும் செலவை யார் ஏற்பது என்பதற்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. உற்பத்தியாளரின் கணக்கு ஏட்டில் நேராகிவிடுகிறது, டயர் மட்டும் ஓடையில் கிடக்கிறது. என் கருத்தில், உற்பத்தியாளரின் பொறுப்பு சான்றிதழோடு முடியாமல் கடை வரைக்கும் வந்து சேர வேண்டும்.

மதுரை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், அரக்கோணம், பெரம்பலூர் என்று டயர் ஆலைகள் நிறைந்த மாநிலம் நம்முடையது. புதிய டயரை எல்லா ஊர் விற்பனையாளருக்கும் தவறாமல் கொண்டு சேர்க்கும் நிறுவனங்கள், திரும்பும் வண்டியில் பழைய டயரை ஏற்றிச் செல்ல முடியாதா? ஒவ்வொரு நகராட்சியும் பேரூராட்சியும் குப்பை தரம் பிரிக்கும் இடத்தில் கூரையிட்ட ஒரு மூலையை டயருக்கென்று ஒதுக்கட்டும். சிறிய டயர்களுக்கு மட்டும் எடையைப் பார்க்காமல், எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று ஏற்றுக்கூலியையும் வண்டி வாடகையையும் உற்பத்தியாளர்கள் தரட்டும். குவியல் பெரிதாகும் முன் மாதந்தோறும் எடுத்துச் செல்வதும் கட்டாயமாக வேண்டும். கனடாவின் ஹாகர்ஸ்வில் என்னும் ஊரில் 1990இல் லட்சக்கணக்கான டயர்கள் பற்றிக்கொண்டு 17 நாட்கள் எரிந்த நிகழ்வை இடம் ஒதுக்கும் அதிகாரிகள் நினைவில் கொள்ள வேண்டும்.

டயரைக் கொண்டுவந்து ஒப்படைப்பவரிடம் கட்டணம் வசூலிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். பத்து ரூபாய் கேட்டாலும் அந்த டயர் இரவோடு இரவாக ஏரிக்கரைக்குப் போய்விடும். காசு கேட்காமல் வாங்கிக்கொண்டால் மக்கள் கொடுப்பார்கள் என்பதற்குச் சென்னை மாநகராட்சியே சான்று: போகியில் எரிப்பதைத் தடுக்க, பண்டிகைக்கு முன்னரே பழைய துணியோடு டயர்களையும் அது சேகரிக்கிறது. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் போனதை அனைவரும் அறிவோம். அந்தச் சேகரிப்பை ஆண்டு முழுவதும், எல்லா ஊர்களிலும் நடத்த வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பொருளுக்குச் சந்தை உண்டாக்குவதில் நெடுஞ்சாலைத் துறைக்கும் பங்கு உண்டு. ரப்பர் தூள் கலந்த தார், சாலைப் பணிக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டு நெறிகளில் ஏற்கெனவே இடம்பெற்றிருக்கிறது. பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு சேர்க்கும் முறையை மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கியபோது, அதைச் சாலைகளில் பயன்படுத்திக் காட்டிய மாநிலம் இது. சாலை ஒப்பந்தங்களில், உள்நாட்டுப் பழைய டயரிலிருந்து எடுத்த தூளுக்கு ஒரு குறிப்பிட்ட பங்கை அரசு நிர்ணயித்தால், ஆலைகள் தாமாகவே எங்கள் கடைகளைத் தேடி வரும்.

பருவமழை தொடங்கும் முன், குறைந்தபட்சம் நகராட்சிக்கு ஓர் இடத்தையாவது அறிவித்து, அபராத எச்சரிக்கை நோட்டீசிலேயே அந்த இடத்தின் முகவரியையும் அச்சிட்டுத் தருமாறு நகராட்சி நிர்வாகத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டயர் கடை உரிமையாளர் ஒருவர்,
நாமக்கல்.