முகம் தெரிகிற படம் ஒன்று

உவர்மலை,
திருகோணமலை.
பங்குனி கடைசி

அன்பின் ரமணன்,

நலம், நாடுவதும் அதுவே. வருசம் பிறந்த கையோடு வருகிறாய், நாலு சோடிகளை உருவப்படம் எடுக்கப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். பெண்கள் இருவர், ஆண்கள் இரண்டு சோடி, பெண்ணென்று பதியப்பட்டு ஆணாக வாழ்கிற ஒரு திருநம்பியும் அவருடைய துணைவியும். நல்ல காரியம். ஆனால் மச்சான், நீ மாதிரிக்கு அனுப்பிய பன்னிரண்டு படத்திலும் ஒரே கதைதான். கடலைப் பார்த்தபடி இரண்டு முதுகு, சூரியனுக்கு எதிரே இரண்டு கறுப்பு உருவம், திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு கை. ஒன்றிலாவது முகம் இல்லை.

முகத்தை மறைப்பது அவர்களுடைய பாதுகாப்புக்கு. நீ அதை உன்னுடைய பாணி ஆக்கிவிடாதே. 1986, 87 இல் சுனில் குப்தா டெல்லியில் தன்பாலீர்ப்புள்ள ஆண்களை எடுத்தபோது பல படங்களில் முகம் திரும்பியிருந்தது, அல்லது படச்சட்டத்துக்கு வெளியே போயிருந்தது. அங்கே அப்போது தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377 ஆம் பிரிவு இருந்தது, வேறு வழி இல்லை. ஆனால் இடத்தை அவர் ஒளிக்கவில்லை. இந்தியா கேட் போல எவருக்கும் தெரிந்த இடங்களில் நிறுத்தி எடுத்தார். தென்னாபிரிக்காவில் சனெலே முஹோலி 2006 இல் தொடங்கிய வரிசை நேர் எதிர்: கறுப்பு வெள்ளை, லென்ஸை நேராகப் பார்க்கும் முகம், சிலரை வருசங்கள் கழித்துத் திரும்பவும் எடுத்திருக்கிறார். அவரவர் ஊருக்கு அவரவர் கண்ட வழி. நீ எடுத்த பன்னிரண்டிலும் ஊரும் இல்லை, ஆளும் இல்லை. வெறும் அந்திவானம்.

ஆகவே நான் சொல்வது, ஒரு சோடிக்கு இரண்டு படம் எடு. முதலாவது முகம் தெரிகிற படம். ஒரே ஒரு பிரின்ட், அதுவும் அவர்கள் கையில். இரண்டாவது வெளியே போகக்கூடியது. முதலாவதை முதலில் எடுக்க வேண்டும். ஒளிக்கிற படத்தில் தொடங்கினால் உடம்பு இறுகிவிடும், பிறகு முகத்தைத் திருப்பச் சொன்னாலும் அந்த இறுக்கம் போகாது.

முதல் படத்துக்கு என்ன அமைப்பு என்று மண்டையை உடைக்காதே. எங்கள் வீட்டுச் சுவர்களில் என்ன தொங்குகிறது? ஒருவர் கதிரையில், மற்றவர் பக்கத்தில் நின்றபடி கதிரை முதுகில் கை, இரண்டு பேரும் நேரே பார்க்கிறார்கள். கலியாணப் படம். அந்தப் படத்துக்குக் கீழே இருந்து படித்து வளர்ந்தவர்கள்தான் இவர்களும். பழைய மோஸ்தர் என்று நீ சிரிக்கலாம், அவர்கள் சிரிக்கமாட்டார்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. இரண்டு பெடியன்கள் தோளில் கை போட்டு நிற்பது எங்கள் ஊரில் சிநேகிதம் மட்டும்தான். கடற்கரையில் கைகோத்து நடந்தாலும் ஒருவரும் திரும்பிப் பாரார்கள். வெளிநாடு போகமுன் ஸ்டூடியோவுக்குப் போய் எடுக்கிற நண்பர் படமும் அதே நிலைதான். கதிரைப் படம் அப்படியல்ல. அது எந்த உறவுக்கு உரிய படம் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

இந்த அமைப்பில் முதலில் பிழையாகிப்போவது குவியம். உன்னுடைய 85 மில்லிமீட்டர் லென்ஸின் துவாரத்தை f/1.8 இல் அகலத் திறந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் கூர்மையாக விழுகிற ஆழம் ஏறத்தாழ 6 சென்ரிமீட்டர். ஒருவரின் மூக்கிலிருந்து காதுவரைக்குமே அது காணாது. இருப்பவருக்கும் நிற்பவருக்கும் இடையில் சாதாரணமாக ஒரு சாண் முன்பின் வரும், ஆகவே ஒருவர் கூர்மை, மற்றவர் மங்கல். ஒரு சோடியில் ஒருவரை மங்கலாக்கிக் கொடுப்பது படம் எடுக்காமல் விடுவதைவிட மோசம். f/5.6 க்கு இறக்கினால் 18, 19 சென்ரிமீட்டர் கிடைக்கும். நிற்பவரைக் கதிரைக்குப் பின்னால் விடாமல் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேரின் கண்ணும் லென்ஸிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பக்கவாட்டில் போய் நின்று பார். ஷட்டர் 1/125 க்குக் கீழே வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 1600 வரை போகட்டும், படத்தில் மணல் தூவியது போலக் கொஞ்சம் புள்ளி தெரிந்தால் குற்றமில்லை.

வெளிச்சத்துக்கு ஒரு ஜன்னல் போதும். சித்திரையில் இங்கே ஆறு மணிக்குச் சற்று முன் விடிந்து, எட்டு மணிக்கே சூரியன் முப்பது பாகைக்கு ஏறிவிடும். ஏப்ரல் நடுவில் மத்தியானம் நேரே உச்சியில் நிற்கும். அந்த நேரம் வெளியே எடுத்தால் கண்குழி இரண்டும் கிணறுதான். ஜன்னலில் நேரடி வெயில் விழுந்தால் வெள்ளை வேட்டியை இரட்டையாக மடித்துத் தொங்கவிடு. வெளிச்சம் குறையும், நிழலின் ஓரம் கரைந்துவிடும். இரண்டு பேரையும் ஜன்னலிலிருந்து ஒரே தூரத்தில் வை. ஒருவர் ஒரு மீட்டரிலும் மற்றவர் இரண்டு மீட்டரிலும் நின்றால் தூரத்தில் நிற்பவர் அப்படியே இருண்டுபோவார்.

சுவரின் நிறத்தைக் கவனி. இங்கே பாதி வீடுகளுக்கு இளம்பச்சை அல்லது நீலப் பூச்சு. ஜன்னல் பக்கக் கன்னம் சரியாக வரும், மற்றக் கன்னத்தில் சுவரின் பச்சை தெறித்து நோயாளி மாதிரி ஆக்கிவிடும். வைட் பேலன்ஸால் இதைத் திருத்த ஏலாது, ஒரு பக்கத்தைச் சரியாக்கினால் மற்றப் பக்கம் ஊதாவாகும். நிழல் பக்கத்தில் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பிடித்தால் பிரச்சினை முடிந்தது. ரியூப் லைட்டை அணைக்க மறக்காதே.

எங்கள் தோல் நிறத்துக்குக் கமராவின் ஒளி மீட்டரை நம்பாதே. அது எதைக் கண்டாலும் நடுச்சாம்பல் ஆக்கப் பார்க்கும். பின்னால் வெள்ளைச் சுவர் என்றால் முகம் இருளும், கரிய அலுமாரி என்றால் முகம் வெளிறும். ஸ்பொட் மீட்டரை வெளிச்சம் விழுகிற கன்னத்தில் வைத்து, நல்ல கரிய தோலுக்கு அது சொல்வதிலிருந்து முக்கால், ஒரு ஸ்டொப் குறைத்துக்கொள் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாவது). சோடியில் ஒருவர் கறுப்பு, மற்றவர் பொதுநிறம் என்றால் கறுப்பானவரை ஜன்னல் பக்கம் விடு. பிறகு கணினியில் தோலை வெளுக்கிற வேலை மட்டும் செய்யாதே. கலியாண அல்பக்காரர் செய்கிற அந்த அநியாயம் போதும்.

கதிரைப் படம் முடிந்தபிறகு கமராவைக் கீழே வைக்காதே, உண்மையான படம் அடுத்த பத்து நிமிசத்தில்தான் வரும். கட்டிப்பிடியுங்கள் என்று சொன்னால் பெருவிரல் விறைக்கும், மூச்சு நிற்கும். வேலை ஒன்று கொடு. அந்த இரண்டு பெண்களில் ஒருவருக்குச் சேலை கட்டத் தெரியும் என்றாய். ஒருவர் நிற்க, மற்றவர் முழங்காலில் இருந்து கொசுவத்தைப் பிடித்துவிடட்டும். ஊசி உதடுகளுக்கு நடுவில் இருக்கும், ஆகவே கதைக்க ஏலாது. இடது கை மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும், வலது கையின் பெருவிரல் நகம் கரையோரமாக வழுக்கி ஒவ்வொரு மடிப்பையும் தட்டையாக்கும். நிற்பவர் விழாமலிருக்க மற்றவரின் தலையில் கையை ஊன்றுவார், நீ சொல்லத் தேவையில்லை. அந்தக் கையைத்தான் எடுக்க வேண்டும். லென்ஸ் ஒரு மீட்டர் உயரத்தில், f/4, குவியம் தலையிலுள்ள விரலில். ஆண்களுக்கு என்றால் தலைக்கு எண்ணெய் வைப்பது, சேட் காலரை மடித்துவிடுவது. தேத்தண்ணி ஊற்றுவது வேண்டாம், அது விளம்பரம் மாதிரி வரும்.

திருநம்பியை எடுக்கமுன் அவரிடமே கேள், எந்தப் பக்கம், எந்த உயரம் என்று. மேலிருந்து வைட் லென்ஸால் எடுத்தால் ஆள் சின்னதாகிவிடுவார், நெஞ்சு உயரத்திலிருந்து எடுத்தால் தாடையும் தோளும் தெரியும். மார்பை இறுக்கும் பைண்டர் அணிந்திருந்தால், எட்டு மணித்தியாலத்துக்கு மேல் போடக்கூடாத சாமான் அது. இந்த வெக்கையில் அதற்கும் குறைய. நாள் முழுக்க வைத்து எடுக்காமல் ஒன்றரை மணித்தியாலத்தில் முடி, நடுவில் மூச்சு எடுத்து இருக்க விடு. நீ பிறகொரு நாள் திருநங்கையை எடுத்தால் இதன் மறுபக்கம் வரும்: பக்கவாட்டில் கடும் வெளிச்சம் போட்டால் சவரம் செய்த இடத்தின் நீலச் சாயல் எழும்பித் தெரியும். முன்னாலிருந்து மென்மையான வெளிச்சம், பவுண்டேசனுக்குக் கீழே மெல்லிய செம்மஞ்சள் பூச்சு, இரண்டும் அதை அடக்கும். அடக்க வேண்டுமா என்பது அவருடைய முடிவு. நீயாக எதையும் அழிக்காதே.

இரண்டாவது படத்துக்கு வருவோம். வெளியே எடுப்பதென்றால் டச்சுக் குடாக் கரை காலைக்கு, உள்துறைமுகப் பக்கம் பின்னேரத்துக்கு. கோட்டைக்குள் வேண்டாம். கோணேசர் கோயிலுக்குப் போகிற சனம், இராணுவம், போதாக்குறைக்குப் பையை மோப்பம் பிடிக்கிற மான்கள். வைகாசிக்குப் பிறகு என்றால் கச்சான் காற்று மணலை அள்ளி எறியும், கரையில் லென்ஸ் மாற்றாதே. உப்பு ஈரம் படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறும், முதலில் ஈரத்துணி. ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போது பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் விடு, இல்லாவிட்டால் லென்ஸ் வியர்க்கும். உப்புவெளியில் அறை எடுத்தால் உன் பெயரில் எடு. அவர்களுடைய அடையாள அட்டை எந்தப் பதிவுப் புத்தகத்திலும் ஏறக்கூடாது. திருநம்பிக்கு அட்டையில் பழைய பெயர் இருந்தால் வரவேற்பு மேசையிலேயே அன்றைய நாள் கெட்டுவிடும். 2016 இலிருந்து பாலின அங்கீகாரச் சான்றிதழ் இருக்கிறது என்றாலும் எல்லோரும் அதை எடுத்து முடித்தவர்கள் இல்லை.

முதுகைக் காட்டினால் ஆள் தெரியாது என்று நினைக்கிறாயே, இது சின்ன ஊர். பிடரியையும் நிற்கிற விதத்தையும் வைத்தே ஆளைச் சொல்வார்கள். பிறகு பச்சை குத்தியது, மோதிரம், பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்க ரீசேட், மோட்டார் சைக்கிள் நம்பர், ஜன்னலுக்கு வெளியே தெரிகிற கேற், இதெல்லாம் பெயர்ப்பலகைதான். ஒவ்வொரு படத்தையும் நூறு வீதம் பெரிதாக்கி மூலைமூலையாகப் பார், கண்மணியில் விழுந்த அறையின் பிரதிபலிப்பு உட்பட. மறைக்க வேண்டியதைக் கணினியில் மங்கலாக்கி மறைக்காதே, எடுக்கும்போதே படச்சட்டத்துக்கு வெளியே விடு. மங்கலான முகத்தைத் தெரிந்தவன் அடையாளம் காண்பான்.

பைலுக்குள்ளும் ஆள் இருக்கிறார். ஜி.பி.எஸ்., திகதி, கமராவின் தொடர் இலக்கம் எல்லாம் மெற்றாடேற்றாவில் கிடக்கும். சில மென்பொருள்கள் நீ வெட்டிய படத்துக்குள் வெட்டாத சின்னப் படத்தை அப்படியே விட்டுவைக்கும். புதிய பைலாக ஏற்றுமதி செய்து, எல்லாத் தகவலையும் நீக்கி, திரும்பத் திறந்து பார். பைலுக்கு ஆட்களின் பெயர் வைக்காதே. மெமரி கார்டை அழித்தால் அழிந்ததாக நினைக்காதே, மீட்கிற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. போர்மட் செய்தபிறகு லென்ஸை மூடிவைத்துக் கார்ட் நிறையும்வரை வீடியோ ஓடவிடு. போனால் எடுக்காதே, அது உன்னைக் கேளாமல் கிளவுட்டுக்கு ஏற்றும்.

பிரின்ட்டைக் கடையில் கொடுக்கக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை. பென் டிரைவ் மேசைக்கு அங்கால் போனால் பிரதி அங்கேயே தங்கும். 8க்கு 10 அங்குலம் போதும். அதற்கு 2400க்கு 3000 பிக்சல் இருந்தால் அங்குலத்துக்கு 300 வரும். பிக்மென்ட் மை, மட் கடதாசி, உன் சொந்த பிரின்டர். ஒரு நாள் உலரவிட்டபிறகு சட்டம் போடு, கண்ணாடி படத்தில் முட்டாமல் நடுவில் மவுண்ட் அட்டை வை. இந்த உப்புக் காற்றில் முட்டிய படம் ஒட்டிக்கொள்ளும், உரித்தால் முகம் போய்விடும்.

சம்மதத்தைப் படம் எடுக்கிற அன்று வாங்காதே. படங்களைக் காட்டி, இரண்டு கிழமை கழித்துக் கேள். அவர்களுக்கு மட்டும், மூடிய அறையில், கொழும்பில், வெளிநாட்டில், இணையத்தில் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே. இரண்டு பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் படம் இல்லை. பிரிந்துபோனால் என்ன செய்வது என்பதையும் அப்போதே கதைத்துவிடு, சங்கடம்தான், ஆனால் பிறகு கதைப்பது இன்னும் சங்கடம். கையெழுத்திட்ட கடதாசியே ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதில் இலக்கம் மட்டும் போட்டு, படங்கள் இருக்கிற வீட்டில் வைக்காதே.

இவ்வளவு கவனமும் எதற்கென்று உனக்கு விளங்கும். 1883 இன் தண்டனைச் சட்டக் கோவையில் தன்பாலுறவைக் குற்றமாக்குகிற 365, 365அ பிரிவுகள். 1995 இல் திருத்தப் போய் பெண்களையும் உள்ளே இழுத்தார்கள். 2023 மே மாதம், அதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சொன்னதோடு பிரிவு நீங்கிவிடவில்லை. ஆனாலும் பொலிசைவிட, படத்தைக் காட்டிக் காசு கேட்கிற சொந்தக்காரனுக்குத்தான் இவர்கள் கூடப் பயப்படுகிறார்கள்.

எங்கள் நாட்டுப் புகைப்படக்காரர் லயனல் வென்ட் 1944 இல் செத்தபிறகு அவருடைய நெகட்டிவ்களை அழித்துவிட்டார்கள். அந்த ஆண் உடம்புகளை அவர் எவ்வளவு ஆசையோடு பார்த்தார் என்பது இன்றைக்கும் தெரிகிறதென்றால், பிரின்ட்டுகள் எஞ்சியதால். உன்னுடைய முகம் தெரிகிற பிரின்ட்டையும் அப்படி நினைத்துச் செய். மூலப் பைலை அழிக்கச் சொன்னால் அவர்கள் முன்னாலேயே அழி, பிரின்ட் அலுமாரிக்குள் இருக்கட்டும்.

கதிரை ஒன்று பார்த்து வைக்கிறேன். கை வைத்த கதிரை வேண்டாம், நிற்பவர் நெருங்கி வர ஏலாது. முதுகு உயரமாக, தேக்கில், பொலிஷ் மங்கியது கிடைத்தால் நல்லது, புதுப் பொலிஷில் ஜன்னல் பளிச்சென்று விழும். வேட்டியும் விரிப்பும் நீ கொண்டுவராதே, இங்கே இருக்கிறது. எந்த பஸ் என்று மட்டும் அறிவி.

அன்புடன்,
சிவா